ஃபர்னஸ் வாங்குவதற்கு முன் வீட்டை அளக்க வேண்டும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1950களிலும் 60களிலும் கட்டப்பட்ட செங்கல் பங்களோ வீடுகள் ஏராளம். எங்கள் ஆட்கள் கனடாவுக்கு வந்து முதலில் வாங்கிய வீடுகளில் இவையும் நிறைய. அந்த வீடுகளின் பேஸ்மென்றுக்குள் இறங்கி வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் தகட்டைப் பார்த்தால் 80,000 பி.ரி.யு. என்றோ 100,000 என்றோ எழுதியிருக்கும். பி.ரி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் அலகு, இது மணிக்கான கணக்கு. அதே வீட்டை முறையாக அளந்து கணக்குப் போட்டால், ரொறன்ரோவின் கடும் குளிர் இரவுக்குக்கூட 35,000 அல்லது 40,000தான் வரும். தேவையைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ பெரிய இயந்திரம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பெருமையாகக் காட்டுபவர்களும் உண்டு. "பெரிய ஃபர்னஸ் தம்பி, அஞ்சு நிமிசத்திலை வீடு கொதிக்கும்."

ஃபர்னஸ், ஏசி பூட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஐந்து நிமிடத்தில்தான் பிரச்சினையே இருக்கிறது. ஃபர்னஸ், ஏசி, ஹீற் பம்ப் என்று எதை வாங்குவதாக இருந்தாலும் கூப்பிடுபவர்கள் கேட்பது மூன்று கேள்விகள். என்ன பிராண்ட், என்ன விலை, எப்போது வந்து பூட்டுவீர்கள். "என் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது?" என்று கேட்பவர் அருமை. அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மற்ற மூன்றுக்கும் பதில் சொல்வதில் அர்த்தமில்லை.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வடிவமைப்பு வெப்பநிலை உண்டு. ஜனவரி மாதத்தின் மொத்த மணித்தியாலங்களில் இரண்டரை வீதம் மட்டுமே அதைவிடக் குளிராக இருக்கும் என்று பழைய பதிவுகளை வைத்துக் கணித்த எண் அது. கட்டடச் சட்ட அட்டவணையில் ரொறன்ரோவுக்கு மைனஸ் 18, ஒட்டாவாவுக்கு மைனஸ் 25, வின்னிப்பெக்குக்கு மைனஸ் 33 பாகை செல்சியஸ். வெளியே அந்தக் குளிர் நிற்கும்போது உள்ளே 21, 22 பாகையைக் காப்பாற்ற மணிக்கு எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதே வெப்ப இழப்புக் கணக்கு. கனடாவில் இதற்கு சி.எஸ்.ஏ. எஃப்280 என்று ஒரு தரநிலை இருக்கிறது. சுவரின் பரப்பு, யன்னலின் வகை, கூரைக்கடியில் இருக்கும் அற்றிக்கில் வெப்பத்தை மறிக்கப் போட்ட இன்சுலேஷனின் தடிப்பு, நிலத்துக்குக் கீழே பேஸ்மென்ற் எவ்வளவு ஆழம், வீட்டில் காற்று எவ்வளவு கசிகிறது என்று எல்லாம் அதில் வரும். ஒன்ராறியோவில் புது வீடு கட்டும்போது இந்தக் கணக்கைக் கொடுத்தால்தான் அனுமதி கிடைக்கும். பழைய வீட்டில் ஃபர்னஸ் மாற்றும்போதோ யாரும் கேட்பதில்லை. பழையது 100,000 என்றால் புதியதும் 100,000 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இடையில் அந்த வீட்டுக்காரர் யன்னல் எல்லாம் மாற்றியிருப்பார், அற்றிக்கில் இன்சுலேஷன் ஊதியிருப்பார். அதெல்லாம் கணக்கில் வராது.

"பெரிசாப் போட்டால் என்ன, தேவைக்கு மட்டும் எரியட்டுமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏஜாக்ஸில் ஓர் அக்காவின் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

2000களில் கட்டிய இரண்டு மாடி வீடு, சுமார் 2,100 சதுர அடி. காராஜுக்கு மேலே பிள்ளைகளின் படுக்கையறை. வீடு முழுக்க 22 பாகை இருக்கும்போது அந்த அறையில் 16. பிள்ளைகள் ஜாக்கெற்றோடு படுக்கிறார்கள். ஏற்கனவே வந்து பார்த்த ஒருவர், 100,000 ஃபர்னஸ் போதாது, 120,000 போடவேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "பெரிசாப் போடச் சொல்லுறாங்கள் தம்பி, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று அக்கா கேட்டார்.

எந்த ஃபர்னஸ் தகட்டிலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையில் இருக்கவேண்டிய வெப்ப வித்தியாசம். அந்த இயந்திரத்துக்கு அது 35 முதல் 65 பாகை ஃபாரன்ஹைற். மற்றது, தகரக் குழாய்களுக்குள் காற்றைத் தள்ள அந்த மோட்டர் தாங்கக்கூடிய அழுத்தம், பொதுவாக நீர் அளவில் அரை அங்குலம். இரண்டு சின்னத் துளை போட்டு அழுத்தம் அளக்கும் மனோமீற்றரை வைத்தேன். 0.9 காட்டியது. வெப்ப வித்தியாசம் 78. ஃபர்னஸ் எரியத் தொடங்கிய சில நிமிடங்களில் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகி, பாதுகாப்பு சுவிற்ச் பர்னரை அணைத்தது. ஆறியதும் திரும்பப் பற்றியது. பிறகு மீண்டும் அணைந்தது. வெப்பம் ஃபர்னஸுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு கிடந்தது, பிள்ளைகளின் அறை வரைக்கும் போய்ச் சேரவில்லை. இப்படி ஆண்டுக்கணக்கில் சூடாவதும் ஆறுவதுமாக இருந்தால் உள்ளே இருக்கும் வெப்பப் பரிமாற்றித் தகட்டில் கீறல் விழும். கீறல் விழுந்தால் புகைவாயு வீட்டுக் காற்றோடு கலக்க வழி திறந்துவிடும்.

அந்த வீட்டின் கணக்கு 45,000 அளவில் வந்தது. காராஜின் கூரைக்குள் ஓடிய குழாயின் பொருத்துகள் எல்லாம் திறந்து கிடந்தன. சூடான காற்றில் பெரும்பங்கு காராஜுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த அறையிலிருந்து காற்று திரும்பிவர வழியே இல்லை. கதவைச் சாத்தினால் உள்ளே தள்ளப்படும் காற்று முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு அங்குலத் தடிப்பில் மிக நுண்ணிய ஃபில்ரர் போட்டிருந்தார்கள், அது மூச்சை இன்னும் அடைத்தது. பொருத்துகளை மாஸ்ரிக் என்ற பசை பூசி அடைத்தோம். காராஜ் கூரைக்கு ஃபோம் அடித்தோம். அறையிலிருந்து காற்று திரும்பிவர ஒரு ரிற்றேர்ன் குழாய் போட்டோம். நான்கு அங்குல ஃபில்ரர் பெட்டி வைத்தோம். அதே பழைய ஃபர்னஸோடேயே அறை 20 பாகைக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அது பழுதானபோது 60,000 பி.ரி.யு. இரண்டு நிலை ஃபர்னஸ், அதாவது குறைத்தும் முழுதாகவும் எரியக்கூடியது, போட்டார்கள். குளிர் இரவில் அது நீண்ட நேரம் மெதுவாக ஓடுகிறது. ஓடுவது காதில் விழுவதே இல்லை என்கிறார் அக்கா. ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருந்தால் பழுது என்று பலர் பயப்படுகிறார்கள். மைனஸ் 18இல் சரியான அளவுள்ள இயந்திரம் கிட்டத்தட்ட நிற்காமல்தான் ஓட வேண்டும்.

எஃப்280 கணக்கை, வீடுகளின் வெப்ப இழப்பைச் சோதிக்கும் எனர்ஜி அட்வைசர் ஒருவரிடம் காசு கொடுத்துச் செய்விக்கலாம். அதற்கு முன் உங்கள் வீட்டின் எண் எந்த அளவில் இருக்கும் என்பதைக் காஸ் மீற்றரை வைத்தே பிடித்துவிடலாம். மைனஸ் 15, மைனஸ் 18 என்று போகும் ஓர் இரவைத் தெரிவுசெய்யுங்கள். தேர்மோஸ்ரற்றை இரவில் குறைக்காமல் ஒரே நிலையில் விடுங்கள். குளிப்பது, சமைப்பது, உடுப்புக் காயவைப்பது எல்லாம் முடிந்தபின் இரவு பத்து மணிக்கு மீற்றரைப் பார்த்து எழுதுங்கள். காலை ஆறு மணிக்குத் திரும்பப் பாருங்கள். எட்டு மணித்தியாலத்தில் 9 கன மீற்றர் போயிருக்கிறது என்று வைப்போம். ஒரு கன மீற்றர் காஸில் சுமார் 35,000 பி.ரி.யு. இருக்கிறது. ஒன்பதுக்கு 315,000. ஃபர்னஸ் 80 வீதத் திறனுள்ள பழையது என்றால் அதில் 252,000 வீட்டுக்குள் வந்தது. எட்டால் வகுத்தால் மணிக்கு 31,500. உங்கள் வீட்டின் இழப்பு அந்த அளவில்தான். நூறாயிரம் போடவேண்டும் என்று சொல்பவர் முன்னால் இந்தத் துண்டை வையுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த வேலை அதைக் குறைப்பது. இயந்திரத்துக்கு அதற்குப் பிறகுதான் இடம். எனர்ஜி அட்வைசர் வந்தால் முன்வாசற் கதவில் சிவப்புத் துணிச் சட்டத்தோடு ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டிலுள்ள காற்றை வெளியே இழுத்து 50 பஸ்கால் அழுத்த வித்தியாசத்தை உண்டாக்குவார். அந்த நேரம் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பேஸ்மென்ற் சுவரும் மேல்தளமும் சந்திக்கும் மரச்சட்டத்தில் கையை வைத்தால் குளிர்காற்று ஊசிபோல் குத்தும். அற்றிக் மூடியின் ஓரம், கூரையில் பதித்த பொற் லைற், வெளிச்சுவரில் உள்ள பிளக் பொயின்ற் எல்லாம் மூச்சுவிடும். இவற்றை அடைக்க ஆகும் செலவு ஃபர்னஸ் விலையில் சிறு பங்கு. அதைச் செய்யாமல் கணக்கே எடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

இதில் கனடாவுக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1977இல் சஸ்கச்சுவான் மாகாணத்தின் ரெஜைனாவில் ஒரு வீடு கட்டினார்கள். பெயர் சஸ்கச்சுவான் கொன்சர்வேஷன் ஹவுஸ். குளிர்காலத்தில் மைனஸ் 30க்குக் கீழே போகும் ஊர் அது. அந்த வீட்டில் ஃபர்னஸே இல்லை. ஹரல்ட் ஓர் என்ற பொறியாளரும் அவரோடு இருந்தவர்களும் செய்தது என்னவென்றால், தடித்த சுவர், அதைவிடத் தடித்த கூரை இன்சுலேஷன், இண்டு இடுக்கு இல்லாத காற்றடைப்பு, வெளியே போகும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் ஒரு பெட்டி. இன்று புது வீடுகளில் எச்.ஆர்.வி. என்று இருப்பது அந்தப் பெட்டியின் வழிவந்ததுதான். மிகக் குறைந்த சக்தியில் வீட்டைச் சூடாக வைக்க, பின்னாளில் ஜேர்மனியில் உருவான பாசிவ் ஹவுஸ் முறைக்கு இந்த வீடும் ஒரு முன்னோடி. ரெஜைனாவில் 1977இல் முடிந்தது, ரொறன்ரோவில் இன்று நாம் கட்டும் மாடிகளில் ஏன் நடக்கவில்லை என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுப்பதில்லை. கிரனைற் கவுண்டருக்கும் ஸ்படிக விளக்குக்கும் கொடுக்கும் காசில் பாதி சுவருக்குள் போயிருந்தால் அந்த வீடுகளின் பில் வாழ்நாள் முழுக்கக் குறைந்திருக்கும்.

சரி, வீட்டை இறுக்கினால் மட்டும் போதாது. எங்கள் குசினியைப் பற்றியும் கதைக்க வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது.

மீன் பொரிக்க, மிளகாய் வறுக்க, ஒடியல் கூழ் காய்ச்ச என்று எங்கள் வீடுகளில் பெரிய எக்ஸோஸ்ற் விசிறி பூட்டுவது வழக்கம். நிமிடத்துக்கு 900 கன அடி இழுக்கும் விசிறிகள் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. 1,100 சதுர அடி பங்களோவின் மேல்தளத்தில், கூரை எட்டு அடி உயரம் என்றால், உள்ள காற்று மொத்தம் 8,800 கன அடி. பத்து நிமிடத்தில் அந்த விசிறி ஒரு தளத்தின் காற்றளவை வெளியே தள்ளிவிடும். அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். யன்னல் எல்லாம் மூடியிருக்கும் ஜனவரியில் அதற்குக் கிடைக்கும் இலகுவான வழி, பேஸ்மென்றில் காஸில் எரியும் சுடுதண்ணீர்த் தாங்கியின் புகைபோக்கி. மேலே போகவேண்டிய புகை கீழே இறங்கி வீட்டுக்குள் வரும். அதில் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு இருக்கலாம். நிறம் இல்லை, மணம் இல்லை.

புது ஃபர்னஸ் போடும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. பழைய ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தாங்கியும் ஒரே புகைபோக்கியைப் பாவித்திருக்கும். புதிய உயர்திறன் ஃபர்னஸ் பிளாஸ்ரிக் குழாய் வழியாகப் பக்கச் சுவரால் புகையை விடுகிறது, புகைபோக்கி அதற்குத் தேவையில்லை. கனடாவில் 2019 தொடக்கம் வரும் வீட்டுக் காஸ் ஃபர்னஸ்கள் 95 வீதத் திறனுக்குக் குறையக்கூடாது என்பதால் இப்போது எல்லாமே இந்த வகைதான். அப்போது அந்தப் பெரிய செங்கல் புகைபோக்கியில் தாங்கி மட்டும் தனித்துவிடும். அதன் சிறிய புகை அவ்வளவு பெரிய குழியைச் சூடாக்கி மேலே எழ முடியாமல் குளிர்ந்து, சுவரில் நீராகப் படிந்து, சில வேளை திரும்பி இறங்கும். இதற்கு உள்ளே அளவான அலுமினியக் குழாய் இறக்க வேண்டும், லைனர் என்பார்கள். விலைப்பட்டியலைக் குறைத்துக் காட்ட முதலில் வெட்டப்படும் வரி இதுதான். உங்கள் பட்டியலில் அந்த வரி இல்லையென்றால் கேளுங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. யன்னல்களை மூடி, குசினி விசிறி, குளியலறை விசிறிகள், உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் போடுங்கள். சுடுதண்ணீர்த் தாங்கியை எரியவிட்டுச் சில நிமிடம் பொறுத்து, அதன் தலையில் உள்ள குடைபோன்ற மூடிக்குப் பக்கத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. உங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தால் உடனே விசிறிகளை நிறுத்தி, தாங்கியை அணைத்து, யன்னலைத் திறந்துவிட்டு, உரிமம் உள்ள காஸ் தொழில்நுட்பரைக் கூப்பிடுங்கள். 2008இல் ஒன்ராறியோவின் வுட்ஸ்டொக்கில் ஹோக்கின்ஸ் குடும்பத்தினர் நான்கு பேர், தாய் தகப்பன் இரண்டு பிள்ளைகள், காஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டு இறந்துபோனார்கள். அவர்கள் வீட்டில் எச்சரிக்கைக் கருவி இருக்கவில்லை. அவர்கள் பெயரால் வந்த சட்டத்தின்படி 2014 ஒக்ரோபரிலிருந்து, எரிபொருளில் ஓடும் இயந்திரமோ வீட்டோடு ஒட்டிய காராஜோ உள்ள ஒன்ராறியோ வீடுகளில் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். படுக்கையறைப் பக்கம் ஒன்றோடு நிற்காமல் ஒவ்வொரு தளத்திலும் வையுங்கள். பேஸ்மென்றில் வாடகைக்கு ஆட்கள் இருந்தால் அவர்கள் தலைமாட்டுப் பக்கம் கட்டாயம் இருக்கட்டும். ஃபர்னஸ் அறைக்கு மிகக் கிட்டப் படுப்பவர்கள் அவர்கள்தான்.

இனி ஹீற் பம்ப். கோடையில் குளிர்விக்கவும் குளிர்காலத்தில் சூடாக்கவும் ஒரே இயந்திரம் என்பதால் இப்போது எல்லோரும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மார்க்கம் நகரில் ஓர் ஐயா சொன்னது என் காதில் இன்னும் நிற்கிறது: "தம்பி, உது கரண்டிலை ஓடுற சாமான். வெளியிலை மைனஸ் இருபது. அதுக்குள்ளை எங்கை இருந்து சூட்டை எடுக்கப் போகுது?"

அவருடைய சந்தேகம் நியாயமானது. மைனஸ் 20 காற்றிலும் வெப்பம் இருக்கிறது, அதைவிடக் குளிரான ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வெப்பம் அதற்குள் பாயும். இந்த இயந்திரங்களில் ஓடும் ஆர்-32 போன்ற திரவம் சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 51 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே மைனஸ் 20 காற்று அதற்குச் சூடுதான். அந்த வெப்பத்தை உறிஞ்சி வாயுவான பிறகு கொம்பிரசர் அதை அமுக்குகிறது, அமுக்கும்போது வெப்பநிலை ஏறுகிறது, உள்ளே கொண்டுவந்து விடுகிறது. நோர்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீற் பம்ப் இருக்கிறது. ஆகவே குளிர் நாட்டுக்கு ஒத்துவராது என்ற பேச்சு செல்லாது.

ஆனால் ஐயாவின் கேள்விக்குள் ஒரு நியாயமான கூறு உண்டு. குளிர் கூடக்கூட இயந்திரத்தின் கொள்ளளவும் குறையும், திறனும் குறையும். வெளியே 8 பாகை இருக்கும்போது ஒரு யூனிற் மின்சாரத்துக்கு மூன்று யூனிற்றுக்கு மேல் வெப்பம் தரும் நல்ல இயந்திரம், மைனஸ் 15இல் இரண்டு யூனிற் அளவுக்கு இறங்கும். பெட்டியின் மேல் "மூன்று தொன்" என்று எழுதியிருப்பது கடும் குளிருக்கான எண் அல்ல. ஒரு தொன் என்றால் மணிக்கு 12,000 பி.ரி.யு. மூன்று தொன் 36,000. மைனஸ் 15இல் அது 36,000 தருமா, 22,000 தருமா என்பது மொடலுக்கு மொடல் மாறும். அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கி, உங்கள் வீட்டின் இழப்பு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இழப்பு எண் தெரியாதவருக்கு அந்த அட்டவணை வெறும் காகிதம்.

பழைய ஸ்காபரோ வீடுகளுக்கு நான் பெரும்பாலும் சொல்வது ஹீற் பம்ப்போடு சிறிய காஸ் ஃபர்னஸும் சேர்ந்த முறையைத்தான். காரணம் மின்சாரப் பெட்டி. அந்த வீடுகள் பலவற்றில் 100 அம்பியர்தான் வருகிறது. ஹீற் பம்ப்புக்குத் துணையாக 10 கிலோவாற் மின்சார ஹீற்றர் போட்டால் அதற்கு மட்டும் 60 அம்பியர் பிரேக்கர் வேண்டும். அடுப்பு, உடுப்பு இயந்திரம், நாளைக்கு ஒரு மின்சாரக் கார் என்று வந்தால் பெட்டியை மாற்றவேண்டி வரும். ஃபர்னஸ் துணைக்கு நின்றால் மைனஸ் 10, மைனஸ் 12 வரை ஹீற் பம்ப் ஓடட்டும், அதற்குக் கீழே காஸ் எரியட்டும் என்று வைக்கலாம்.

காசு மிச்சமா என்பதற்கு ஒரு சுருக்கக் கணக்கு. ஒரு கன மீற்றர் காஸ் நல்ல ஃபர்னஸில் எரிந்தால் சுமார் 10 கிலோவாற் மணி வெப்பம் தரும். ஹீற் பம்ப் சராசரியாக இரண்டரை மடங்கு தருகிறது என்றால் அதே வெப்பத்துக்கு 4 யூனிற், அதாவது 4 கிலோவாற் மணி, மின்சாரம் வேண்டும். உங்கள் இரண்டு பில்லையும் எடுத்து, விநியோகக் கட்டணம் எல்லாம் சேர்த்து, 4 யூனிற்றின் விலையையும் 1 கன மீற்றரின் விலையையும் ஒப்பிடுங்கள். 2025 ஏப்ரல் முதலாம் திகதி நுகர்வோருக்கான கார்பன் கட்டணத்தை நீக்கியபோது தராசு கொஞ்சம் காஸ் பக்கம் சாய்ந்தது. 2023இல் ஒன்ராறியோவில் வந்த இரவு 11 முதல் காலை 7 வரையான மலிவுக் கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இரவில் அது மறுபக்கம் சாய்கிறது. ஆனால் அத்திட்டத்தில் மாலை நேர யூனிற் மிக விலை. அதையும் பார்த்துத்தான் சேரவேண்டும்.

இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதில் நான் பிடிவாதக்காரன். ஏசி வைப்பதுபோல் நிலத்தில் பலகைக் கல்லின் மேல் வைக்கக்கூடாது. ஸ்நோ மூடிவிடும். ஒன்றரை அடி உயரக் கால் வேண்டும். குளிர்நாளில் வெளிப்பெட்டியின் மேல் உறைபனி படியும், அதை உருக்க இயந்திரம் அவ்வப்போது சில நிமிடம் தலைகீழாக ஓடும். அப்போது வெள்ளையாக ஆவி கிளம்பும். நெருப்பு என்று பயந்து இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆவி ஒன்றும் செய்யாது, கீழே சொட்டும் தண்ணீர்தான் கவனிக்க வேண்டியது. எங்கள் வீடுகளில் பேஸ்மென்றுக்குப் போகும் பக்கவாசல் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய பாதையில் இருக்கும். பூட்ட வசதி என்று பெட்டியையும் அதே பாதையில் வைத்துவிடுவார்கள். உருகிய நீர் ஓடி அந்தப் பாதையில் கண்ணாடிபோல் உறையும். இரவுவேலை முடித்து அதிகாலையில் வரும் வாடகைக்காரர் விழுந்து இடுப்பு உடைந்தால் யார் பொறுப்பு? பின்வளவில் வையுங்கள். குழாய் இருபது அடி கூடும், கூடட்டும்.

பூட்டும் வேலையில் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டிய ஓர் இடம் உண்டு. செப்புக் குழாயை ஒட்டும்போது உள்ளே நைதரசன் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கறுப்பாகச் செப்பு ஒட்சைட் படியும். ஒட்டியபின் நைதரசன் அழுத்தம் ஏற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு வக்கியூம் பம்ப். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து 500 மைக்ரோனுக்குக் கீழே (வக்கியூமை அளக்கும் அலகு அது) கொண்டுவந்து, பம்ப்பை மூடி, அந்த எண் திரும்ப ஏறாமல் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். இதற்கு நேரம் எடுக்கும். அவசரக்காரர்கள் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வால்வைத் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு இயந்திரம் ஒழுங்காகத்தான் ஓடும். உள்ளே விட்ட ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, சில ஆண்டில் கொம்பிரசரைத் தின்னும். "தம்பி, மைக்ரோன் எண்ணைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். அதைக் கேட்கும் வீட்டுக்காரரை எனக்குப் பிடிக்கும்.

தனி ஏசி வாங்குபவர்களுக்கும் அளவு விஷயம் இதேதான். ரொறன்ரோக் கோடை புழுக்கமானது. பெரிய ஏசி விரைவில் குளிராக்கிவிட்டு நின்றுவிடும், ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது. வீடு குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் ஆறுவதில்லை. கதவைத் தட்டி விற்பவர்கள். தமிழ்ப் பொடியன் ஒருவன், தமிழில் கதைக்கிறான், அரசாங்க மானியம் என்கிறான், அட்டையைக் கழுத்தில் மாட்டியிருக்கிறான். தனியாக இருக்கும் அம்மம்மா கையெழுத்து வைத்துவிடுகிறார். ஃபர்னஸ் இலவசம் என்று சொல்லிக் கொடுத்தது பத்து ஆண்டு வாடகை ஒப்பந்தம். முடிக்கப்போனால் இயந்திரத்தின் விலையைப் போல் பல மடங்கு கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்திலேயே அந்தக் கடனைப் பதிந்துவிட்டு, வீடு விற்கும் நாளில் கழுத்தைப் பிடித்தவர்களும் இருந்தார்கள். கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, சுடுதண்ணீர்த் தாங்கி விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச் முதலாம் திகதி தடைசெய்துவிட்டது. அப்படி வாங்கிய கையெழுத்து செல்லாது. பத்திரத்தில் பதியும் அந்த வழக்கத்தை 2024 ஜூனில் வந்த சட்டம் நிறுத்தியது. நீங்களாகக் கூப்பிட்டு வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக்கூட 10 நாளுக்குள் காரணம் சொல்லாமல் இரத்துச் செய்யலாம். உங்கள் அம்மா அப்பாவுக்கு இதைச் சொல்லி வையுங்கள். கதவு தட்டினால் திறக்கத் தேவையில்லை என்றும் சொல்லுங்கள்.

வேலை செய்ய வருபவரிடம் உரிமத்தைக் கேட்பது அவமரியாதை ஆகாது. காஸ் வேலைக்கு ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ. கொடுக்கும் ஜி2 அல்லது ஜி1 உரிமம், ஏசிக்கும் ஹீற் பம்ப்புக்கும் 313ஏ அல்லது 313டி, ஆர்-32 போன்ற குளிர்வாயுவைக் கையாள ஓ.டி.பி. அட்டை. உண்மையான தொழிலாளி இவற்றைப் பையில் வைத்திருப்பார், கேட்டதும் எடுத்துக் காட்டுவார். எங்களைப் போன்றவர்கள் இரவுப் பள்ளிக்கூடம் போய், பகலில் வேலை செய்து எடுத்த அட்டைகள் அவை.

வேலை முடிந்த அன்று நீங்கள் வாங்கிவைக்க வேண்டிய எண்கள் இவ்வளவுதான்: வீட்டின் வெப்ப இழப்பு, காஸ் அழுத்தம், வெப்ப வித்தியாசம், குழாய் அழுத்தம், வக்கியூம் மைக்ரோன், கூட்டிய குளிர்வாயுவின் எடை. ஒரு வெள்ளைத் தாளில் திகதியோடு எழுதி ஃபர்னஸின் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை பழுது பார்க்க வருபவர் ஊகிக்கத் தேவையில்லை, அந்தத் தாளில் இருப்பதற்கும் தன் கருவி காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து தொடங்கலாம். முதல் ஸ்நோ கொட்டும்போது பக்கச் சுவரில் உள்ள இரண்டு வெள்ளைக் குழாய்களின் வாயையும் துப்புரவாக்குங்கள். அவை மூடினால் ஃபர்னஸ் நின்றுவிடும். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனபோது காஸ் ஃபர்னஸ்களும் நின்றுபோயின, அவற்றின் மோட்டரும் கரண்டில்தான் ஓடுகிறது. அப்படி ஒரு நாள் வந்தால் போர்வை எடுங்கள், கரண்ட் உள்ள உறவினர் வீட்டுக்குப் போங்கள். பார்பிக்கியூ அடுப்பையும் ஜெனரேற்றரையும் வீட்டுக்குள்ளோ காராஜுக்குள்ளோ கொண்டுவரவே கூடாது.